மேலே நன்னீர், அடியில் உப்பு: பினாங்கின் ஆழமற்ற குளங்களில் நீலப்பச்சைப் பாசி

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பகாங்கிலிருந்து காட்டுப் பாதையில் ஏறி இறங்கினால் பந்தாய் கெராச்சுட் வரும். கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னால் ஆழமில்லாத ஒரு குளம் இருக்கிறது. ஓடை கொண்டுவரும் நன்னீர் மேலே நிற்கும், கடலிலிருந்து வந்த உப்புநீர் அடியில் நிற்கும். இரண்டும் முழுதாகக் கலப்பதில்லை. பருவத்தைப் பொறுத்துக் குளம் நிரம்பும், வற்றும். 2003-இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் இது வருவதால், மாதிரி எடுக்க வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் அனுமதி வேண்டும்.

இந்தக் குளத்தோடு இன்னும் இரண்டு நீர்நிலைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முழு ஆய்வுக்கான உப்பு வரிசை கிடைத்துவிடும். ஒன்று, பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம், பட்டர்வொர்த் குடியிருப்புகளை ஒட்டி இருக்கும் வெள்ளநீர்த் தேக்கக் குளம். இது நன்னீர். மற்றொன்று, செபராங் பிறை தெற்கில் ஆற்றுவாயை ஒட்டிய இறால் குளம். இது உவர்நீர். மூன்றும் ஆழமற்றவை, மூன்றிலும் வெயில் அடிவரை இறங்க வாய்ப்புண்டு. வேறுபாடு பெரும்பாலும் உப்பில்தான் என்று தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் பலர் தவறான முடிவுக்குப் போகிறார்கள்.

உப்பு ஏற ஏற நீலப்பச்சைப் பாசியின் (சயனோபாக்டீரியா) இனங்கள் குறையும் என்று பாடத்தில் படித்திருப்போம். நீரில் மிதப்பவற்றை மட்டும் எண்ணினால் அது உண்மைபோலவே தெரியும். ஆனால் உப்புக் குளத்தில் பன்மை இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது: பாதி அடித்தரைப் படலத்தில், பாதி சாதாரண நுண்ணோக்கியில் தெரியாத அளவுள்ள செல்களில். இந்த இரண்டு இடங்களையும் பார்க்காமல் எழுதிய இனப்பட்டியல் குளத்தைப் பற்றி அதிகம் சொல்லாது. எழுதியவரின் கருவிக்கு எது எட்டியது என்பதைத்தான் சொல்லும்.

உப்பை அளப்பதில் தொடங்குவோம்

இறால் குளங்களில் எல்லோர் கையிலும் இருப்பது ஒளிவிலகல்மானி. அது 1 பிபிடி (ஆயிரத்தில் ஒரு பங்கு உப்பு) இடைவெளியில் காட்டும், 5-க்கு மேல் நம்பகமானது. தேக்கக் குளத்தில் அதை வைத்தால் பூஜ்யம் என்று காட்டும். அங்கே மின்கடத்துமானிதான் வேண்டும். 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1,000 மைக்ரோசீமென்ஸ் இருந்தால் அரை பிபிடி என்று வைத்துக்கொள்ளலாம். 1958-இல் வெனிஸ் கருத்தரங்கில் வகுத்த பிரிப்பில் நன்னீரின் எல்லையும் அதுதான். 0.5 முதல் 5 வரை மென்உவர், 5 முதல் 18 வரை நடுஉவர், 18 முதல் 30 வரை வல்உவர், 30 முதல் 40 வரை கடல்நீர், அதற்கு மேல் மிகைஉப்பு.

ஒளிவிலகல்மானியைத் தினமும் காலையில் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெயிலில் சுட்ட கருவியில் குளிர்ந்த துளியை வைத்து உடனே படித்தால் அளவு தவறும். அரை நிமிடம் பொறுத்துப் படிக்க வேண்டும். ஆக்சிஜன்மானியிலும் உப்பளவைப் பதிய மறக்கக்கூடாது. 30 டிகிரியில் நன்னீர் ஏறக்குறைய லிட்டருக்கு 7.6 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 35 பிபிடி கடல்நீர் 6.2 அளவுதான் பிடிக்கும். பதியாத மானி உப்புக் குளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் காட்டும்.

ஒருநாள் அளந்த உப்பு போதாது. பாசி எதிர்கொள்வது சராசரியை அல்ல, ஏற்ற இறக்கத்தை. 15 பிபிடியிலேயே நிற்கும் குளமும், 3-க்கும் 27-க்கும் இடையில் ஊசலாடும் குளமும் சராசரியில் ஒன்றுதான். அவற்றில் வாழ்பவை ஒன்றல்ல. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி, செப்டம்பர் முதல் நவம்பர் வரை பலத்த மழை. குறைந்தது இந்த இரண்டு பருவத்திலும் அளக்க வேண்டும். கடைசியாகப் பெருமழை பெய்த நாள், கடைசிப் பெரிய ஓதம் (கடல் ஏற்றம்) இரண்டையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

கெராச்சுட் குளத்தில் மாதிரி எடுப்பது

அடுக்குள்ள குளத்தில் வழக்கமான மாதிரிப் போத்தலை இறக்குவது வீண் வேலை. போத்தலின் உடலே 30, 40 சென்டிமீட்டர் இருக்கும். நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் இடமோ சில சென்டிமீட்டர் தடிமன்தான். போத்தல் அதை ஒரே கலவையாக அள்ளி வந்துவிடும்.

இங்கே உதவுவது ஒரு மூங்கில் கம்பும் மெல்லிய குழாயும். கம்பில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயை ஒட்டி, வாயைக் கிடைமட்டமாகத் திருப்பி வைக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் சேற்றைக் குடிக்கும். மறுமுனையில் 60 மில்லி ஊசிக்குழல். 2 மீட்டர் குழாய்க்குள் 25 மில்லி நீர் நிற்கும். எனவே ஒவ்வொரு ஆழத்திலும் முதல் 50 மில்லியைக் கொட்டிவிட்டு அடுத்ததைத்தான் எடுக்க வேண்டும். ஊசிக்குழலை மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மேல் அடுக்கு நீரும் குழிந்து இறங்கிவிடும். கம்பை மேலிருந்து கீழாக நகர்த்த வேண்டும், ஒருபோதும் கீழிருந்து மேலாக அல்ல. கரையிலிருந்து இறங்கி நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு அடுக்குகள் குலைந்திருக்கும். கம்பை நீட்டி எடுப்பதே நல்லது.

ஒவ்வொரு ஆழத்திலும் உப்பு, வெப்பம், ஆக்சிஜன் அளந்து வரைபடம் போட்டால் உப்பு சட்டென்று ஏறும் இடம் தெரியும். அங்கே 5 சென்டிமீட்டர் இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும். அடியிலிருந்து வரும் நீர் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் கந்தகச் சேர்மம் இருக்கிறது. அந்த மாதிரியில் இளஞ்சிவப்பு நிறம் கண்டால் அது நீலப்பச்சைப் பாசி என்று அவசரப்படக்கூடாது. ஊதாக் கந்தக பாக்டீரியாவாக இருக்கலாம். ஆக்சிஜனை வெளியிடாமல் ஒளிச்சேர்க்கை செய்யும் வேறு கூட்டம் அது.

தேக்கக் குளத்தில் சிக்கல் வேறு. காலையில் ஓரத்தில் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஆடை திரண்டிருக்கும். போத்தல் வாயை அதில் அமுக்கினால் ஆடை விலகி, அடிநீர்தான் உள்ளே போகும். கையை எடுத்ததும் ஆடை மூடிக்கொள்ளும். மாதிரி தெளிந்த நீராக வந்து, குளத்தில் பாசி குறைவு என்று பதிவாகும். அகன்ற வாய்த் தட்டைப் பாத்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, காற்று ஆடையைத் தள்ளிச் சேர்க்கும் கரையில், நடுவில், ஓடை நுழையும் இடத்தில் எனக் குறைந்தது ஐந்து இடங்களில் எடுக்க வேண்டும். கையுறை கட்டாயம். இந்த ஆடையில் மைக்ரோசிஸ்டின் நஞ்சு இருக்க வாய்ப்புண்டு. 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு, வாழ்நாள் முழுதும் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், நீராடும் இடங்களில் 24. கொதிக்கவைத்தால் இந்த நஞ்சு போகாது.

மூன்று குளத்திலும் நாளின் ஒரே வேளையில் எடுக்க வேண்டும். காலை எட்டு முதல் பத்து வரை நல்லது. மிதக்கும் இனங்கள் பகலில் ஏறி இறங்கும். ஒரு குளத்தில் காலை எட்டு மணிக்கும் இன்னொன்றில் மாலை நான்கு மணிக்கும் எடுத்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உப்பால் வந்ததா கடிகாரத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பாதுகாத்தல்: ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது

எண்ணுவதற்கு லூகால் கரைசல். 200 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 20 கிராம் பொட்டாசியம் அயோடைடு, அது கரைந்த பின் 10 கிராம் அயோடின், கடைசியில் 20 மில்லி செறிந்த அசிட்டிக் அமிலம். வரிசை மாறினால் அயோடின் கரையாது. 100 மில்லி மாதிரிக்கு 1 மில்லி ஊற்றினால் நிறம் இளம் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) போல வர வேண்டும். அழுக்கான தேக்கக் குள நீரில் கரிமப் பொருள் அயோடினைத் தின்றுவிடும். ஒரு வாரத்தில் நிறம் வெளுத்தால் மறுபடி சொட்டுவிட வேண்டும். கண்ணாடிப் போத்தல், இருட்டு அலமாரி.

லூகால் இட்ட மாதிரியில் செல்கள் ஒளிர்வதில்லை. அதனால் மிகச் சிறிய செல்களைப் பார்க்கத் தனியாக 20 மில்லி எடுத்து, குளுட்டரால்டிஹைடு முடிவில் 1 விழுக்காடு இருக்கும்படி சேர்த்து, இருட்டில் குளிரூட்டி வைக்க வேண்டும். மூன்றாவது பங்கு உயிரோடு இருக்க வேண்டும்: பாதி நிரப்பிய போத்தல், பனிக்கட்டி நேராகப் படாமல் துணி சுற்றிய ஐஸ் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் நுண்ணோக்கி. பச்சை ஆடை கட்டும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசித் திரளின் வடிவமும் இழைகளின் அசைவும் லூகாலில் அழிந்துவிடும். இனம் பிரிக்கப் பாதிச் சான்று அதில்தான் இருக்கிறது.

உயிருள்ள உவர்நீர் மாதிரியைக் காய்ச்சி வடித்த நீரால் நீர்க்கவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. செல்லுக்குள் உப்புக்கு ஈடாகச் சேர்த்திருக்கும் சர்க்கரை வகைகள் திடீரென்று நீரை இழுத்து, மெல்லிய உறையுள்ளவை வெடிக்கும். அதே குளத்து நீரை 0.2 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்து, அதைக்கொண்டே நீர்க்கவைக்க வேண்டும்.

லூகால் இட்டும் மைக்ரோசிஸ்டிஸ் மிதந்துகொண்டே இருக்கும். காரணம் செல்லுக்குள் இருக்கும் வளிக்குமிழ்கள். சிறிய ஊசிக்குழலில் 3 மில்லி மாதிரியை நிரப்பி, காற்றை வெளியேற்றி, நுனியை அடைத்து, உந்துகோலைப் பலமாக ஒருமுறை அழுத்துங்கள். பால்போல் கலங்கியிருந்த பச்சை கண்ணெதிரே தெளிந்து கருமையாகும். குமிழ்கள் நொறுங்கிவிட்டன, இனி செல்கள் அடியில் தங்கும். பெரிய ஊசிக்குழலில் கையால் இந்த அழுத்தம் வராது. தெளியவில்லை என்றால் மிதந்தது வேறு பாசி. இனம் காணவும் இது உதவுகிறது.

எந்த உப்பில் யார்

தேக்கக் குள நீரில் முதலில் கண்ணில் படுவது மைக்ரோசிஸ்டிஸ் திரள்கள், நான்கு நான்காக அடுக்கிய மெரிஸ்மோபீடியா, மெல்லிய சூடனபீனா இழைகள். முன்பு சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் என்ற பெயரில் இருந்த ரஃபிடியாப்சிஸ் வெப்ப நாட்டுக் குளங்களில் ஆடையே கட்டாமல் நீர் முழுதும் பரவி நிற்கும். நீர் பழுப்புப் பச்சையாகக் கலங்கியிருப்பதைத் தவிர அடையாளம் இல்லை. இழையின் முனையில் அம்புநுனிபோல் ஒட்டிய கூர்செல்லைத் தேட வேண்டும்.

உப்பு ஏறும்போது இந்தக் கூட்டம் ஒரே நாளில் மறைவதில்லை. மைக்ரோசிஸ்டிஸ் ஏறக்குறைய 10 பிபிடி வரை தாங்கும். அதற்கு மேல் செல்கள் உடையத் தொடங்கும். செல்லுக்குள் அவை சேர்க்கும் பொருளில்தான் எல்லை தீர்மானமாகிறது. சுக்ரோஸ், டிரெகலோஸ் சேர்ப்பவை பெரும்பாலும் நன்னீர், மென்உவர் நீர் இனங்கள். குளுக்கோசில்கிளிசரால் சேர்ப்பவை கடல்நீர் அளவையும் அதற்கு மேலும் தாங்கும். கிளைசின் பீட்டேன் சேர்ப்பவை உப்பளத்தின் செறிந்த நீரிலும் வாழும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செறிவு தெரியும்.

உவர்நீரிலும் கடல்நீரிலும் மேற்பரப்பு நீரைச் சாதாரண நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்தால் சிறிய கசையிழை உயிர்கள், டயாட்டம்கள் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகள்), அங்கொன்றும் இங்கொன்றுமாக இழைகள். நீலப்பச்சைப் பாசி குறைவு என்று எழுதத் தோன்றும். அதே நீரில் 5 மில்லியைக் கறுப்பு நிற 0.2 மைக்ரோமீட்டர் பாலிகார்பனேட் வடிதாளில் வடித்து, ஒளிர்வு நுண்ணோக்கியில் பச்சை ஒளியில் பார்த்தால் தாள் முழுதும் புள்ளிகளாக ஒளிரும். அவை சினெகோகாக்கஸ் வகை, ஒன்று அல்லது இரண்டு மைக்ரோமீட்டர் அளவு. நீல ஒளிக்கு மாற்றினால் சில ஆரஞ்சாக ஒளிரும், சில மங்கிய சிவப்பாகவே நிற்கும். ஆரஞ்சு தருபவை ஃபைக்கோஎரித்ரின் நிறமி நிறைந்தவை, தெளிந்த கடல்நீரில் மிகுதி. மங்கியவை ஃபைக்கோசயனின் நிறமி வகை, கலங்கிய நீரில் மிகுதி. உருவத்தில் எல்லாம் ஒரே புள்ளிதான். எத்தனை வகை என்று டிஎன்ஏ வழியாகத்தான் பிரிக்க முடியும்.

அடித்தரைப் படலத்துக்கு வருவோம். 10 மில்லி ஊசிக்குழலின் முனையை அறுத்து எறிந்தால் நல்ல துளைகுழாய் ஆகிவிடும். சேற்றில் 2 சென்டிமீட்டர் இறக்கி, உந்துகோலை அசைக்காமல் உருளையை மட்டும் அமுக்கி எடுத்து, வெள்ளைத் தட்டில் தள்ளி, நெடுக வெட்டிப் பாருங்கள். மேலே ஒரு மில்லிமீட்டர் பழுப்பு, அதன் கீழ் கரும்பச்சை, கீழே இளஞ்சிவப்புக் கோடு, அதற்கும் கீழே இரும்புச் சல்ஃபைடின் கறுப்பு. கரும்பச்சையை ஊசிமுனையால் பிரித்தால் கயிறு முறுக்கியதுபோல் பல இழைகள் ஒரே உறைக்குள் போகும் கோலியோஃபாசிகுலஸ், தடித்த உறையுள்ள லிங்பியா, சுருள்சுருளான மெல்லிய ஸ்பைருலினா, உறையில்லாமல் நெளியும் ஆசிலடோரியா என வரிசையாக வரும். கடல்நீருக்கு மேலான உப்பிலும் இந்தப் படலம் செழிக்கும். நத்தையும் புழுவும் மேய முடியாத உப்பு அளவில் படலம் இன்னும் தடிக்கும். உப்பு இங்கே எதிரியல்ல, காவல்.

இறால் குளத்தில் பிற்பகலில் இந்தப் படலம் ஆக்சிஜன் குமிழால் உப்பி, துண்டுதுண்டாகப் பிய்ந்து மேலே வரும். இந்தோனேசியாவில் கிலெகாப் என்றும் பிலிப்பைன்ஸில் லப்லப் என்றும் பெயர், பால்மீன் வளர்ப்பில் அது தீவனமே. ஆனால் மாதிரிப் போத்தலில் அந்தத் துண்டு விழுந்தால் மிதவைப் பட்டியலில் அடித்தரை இனங்கள் புகுந்துவிடும். துண்டு தெரிந்தால் அந்தப் போத்தலைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

மழைக்குப் பின் இறால் குளம்

இறால் குளத்தில் அக்டோபர் மழை கொண்டுவருவது வேறொரு மாற்றம். தீவன மிச்சத்தால் பாஸ்பரஸ் ஏற்கெனவே நிறைந்திருக்கும். மழைநீர் மேலே மெல்லிய நன்னீர் அடுக்காக நிற்கும். உப்பு இறங்கியதும் டயாட்டம்களின் பழுப்பு நிறம் விலகி, நீர் கெட்டிப் பச்சையாகும். பிற்பகலில் பிஎச் 9-ஐத் தாண்டும், விடியலுக்கு முன் ஆக்சிஜன் சரியும். அந்த நேரத்தில் இறால் ஓரத்துக்கு வந்து ஒதுங்கும்.

இப்போது பலர் செய்வது, ஓதம் ஏறும்போது மதகைத் திறந்து கடல்நீரை வேகமாக உள்ளே விடுவது. பச்சை இரண்டு மூன்று நாளில் தெளியும். ஆனால் செல்கள் ஒரேயடியாக உடைந்ததால் உள்ளே இருந்த நஞ்சும் மண்வாடையும் நீரில் கரைந்துவிடும். அழுகும் செல்கள் மிச்ச ஆக்சிஜனையும் உறிஞ்சும். 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் நீர்த்தேக்கத்துப் பாசியைத் தாமிர சல்ஃபேட் போட்டு அழித்தபின் 138 பிள்ளைகளும் 10 பெரியவர்களும் நோயுற்றார்கள். பின்னர் அதற்குக் காரணமாகக் கண்டது ரஃபிடியாப்சிஸ். அங்கே பாசியைக் கொன்றது தாமிரம், இங்கே கொல்வது உப்பு. செல் உடைந்தால் உள்ளிருப்பது வெளியே வரும் என்பது இரண்டுக்கும் பொது. உப்பைச் சிறிது சிறிதாகப் பல நாளில் ஏற்றி, இரவில் காற்றுச்சக்கரத்தை நிறுத்தாமல் ஓட்டுவதுதான் பாதுகாப்பு. மேலே நிற்கும் மழைநீரை மதகின் மேற்பலகையைக் கழற்றி முதலிலேயே வடித்துவிட்டால் பாதிச் சிக்கல் எழவே எழாது.

உப்பை மாற்றிப் பாசியை மாற்றலாம் என்பதற்கு மிகப் பெரிய சான்று மேற்கு ஆஸ்திரேலியாவின் பீல்-ஹார்வி முகத்துவாரம். வயல்களின் சூப்பர்பாஸ்பேட் உரம் மணல் நிலத்தில் தங்காமல் வழிந்து, அந்த ஆழமற்ற நீர்ப்பரப்பில் ஆண்டுதோறும் நோடுலேரியா என்ற நீலப்பச்சைப் பாசி பெருகியது. ஆற்று நீர் உப்பைக் குறைக்கும் பருவத்தில் சேற்றில் உறங்கிய வித்துச்செல்கள் முளைத்தன. இதே நோடுலேரியாவைத்தான் 1878-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் அலெக்சாந்திரினா ஏரியில் கால்நடை மடிந்ததற்குக் காரணமாக ஜார்ஜ் பிரான்சிஸ் பதிவு செய்தார். 1994-இல் கடலுக்கு டாஸ்வில் கால்வாயை வெட்டித் திறந்ததும் உப்பு உயர்ந்து, முகத்துவாரத்தில் நோடுலேரியாப் பெருக்கம் அடங்கியது. பாஸ்பரஸ் தீரவில்லை. ஆறுகளுக்குள் பாசி தொடர்ந்தது, உப்புச் சதுப்பில் கொசுவும் பெருகியது. ஓர் இனத்தை விரட்டியதால் நீர் நலமடைந்ததாகக் கணக்கிட முடியாது.

எண்ணிக்கையில் ஏமாறும் இடங்கள்

நுண்ணோக்கியில் வைத்து எண்ணும் செட்ஜ்விக்-ராஃப்டர் தட்டு 50 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 1 ஆழம், கொள்ளளவு 1 மில்லி. ஒரு சதுர மில்லிமீட்டர் கட்டம் 1 மைக்ரோலிட்டர். 20 கட்டத்தில் 130 இழை கண்டால் மில்லிக்கு 6,500 இழை. 100 அலகு எண்ணினால் பிழை 20 விழுக்காடு, 400 எண்ணினால் 10. ஒரு குளத்தில் 400-ம் இன்னொன்றில் 100-ம் எண்ணிவிட்டு இன எண்ணிக்கையை ஒப்பிடக்கூடாது. அதிகம் எண்ணிய இடத்தில் அரிய இனம் கூடுதலாகத் தென்படும். கூடுதலாக எண்ணியதைச் சிறியதன் அளவுக்கு இறக்கிக் கணக்கிட்டபின் ஒப்பிட வேண்டும்.

இனப் பன்மையை ஒரே எண்ணில் சொல்லும் ஷானன் குறியீட்டையும் தனியாக நம்பக்கூடாது. 15 இனமும் சமமாக இருந்தால் அது 2.71. அதே 15 இனத்தில் ஒன்று 86 விழுக்காடும் மற்றவை ஆளுக்கு ஒன்றும் என்றால் 0.77. ஓர் இனம்கூட மறையவில்லை, குறியீடு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பெருக்க நாளில் எடுத்த மாதிரியை அமைதியான நாளோடு ஒப்பிட்டு உப்பைக் குற்றம் சொல்லும் அறிக்கைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

டிஎன்ஏ செய்பவர்களுக்கு இரண்டே எச்சரிக்கை. அலையாத்தி ஓரத்துச் சேற்றின் பழுப்பு அமிலம் டிஎன்ஏவைப் பெருக்கும் வேலையைத் தடுக்கும், சாறைப் பத்து மடங்கு நீர்க்கவைத்து மறுபடி முயல வேண்டும். டயாட்டம்களின் பசுங்கணிகமும் சயனோபாக்டீரியாவின் வழிவந்ததால் 16எஸ் மரபணுவைக் கொண்டு எடுக்கும் இனப்பட்டியலில் நுழையும். அதைக் களையாவிட்டால் உவர்நீரில் பொய்யான பெருக்கம் தெரியும்.

வற்றிய குளத்தின் சேறு

கெராச்சுட் குளம் வற்றியிருக்கும் நாளில் போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. அனுமதியில் சேறு எடுப்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். மேல் 2 சென்டிமீட்டர் சேற்றை ஐந்து இடத்தில் எடுத்துக் கலந்து, மூன்று 1 லிட்டர் கண்ணாடிப் புட்டிகளில் 20 கிராம் வீதம் போடுங்கள். ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரை 0, 10, 30 பிபிடியில் தயார்செய்யுங்கள். மீன்தொட்டிக்கான கடலுப்புதான் வேண்டும், சமையல் உப்பு கூடாது. நிறுத்துப் போட்டாலும் ஒளிவிலகல்மானியில் சரிபார்க்க வேண்டும், அந்த உப்பில் ஈரம் இருக்கும். சேறு கலங்காமல் ஓரமாக ஊற்றி, நேர் வெயில் படாத சன்னலோரம் வைத்து, ஆவியான அளவுக்கு மட்டும் உப்பில்லாத நீரை ஈடுசெய்யுங்கள். உப்புநீரை ஊற்றி ஈடுசெய்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

நாலாம் நாளிலிருந்து கண்ணாடிச் சுவரிலும் சேற்றின் மேலும் பச்சை தெரியத் தொடங்கும். மூன்று வாரம் வரை ஐந்து நாளுக்கொருமுறை சுவர், சேறு, நீர் மூன்றிலிருந்தும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். ஒரே சேற்றிலிருந்து வெவ்வேறு உப்பில் வெவ்வேறு கூட்டம் எழுந்தால், எல்லா வித்தும் அந்தச் சேற்றிலேயே காத்திருந்தது என்று பொருள். மூன்றிலும் ஒரே இழைகள் எழுந்தால், இந்தக் குளத்தின் ஊசலாட்டத்தையே வாழ்க்கையாகக் கொண்ட கூட்டம் அது. மிச்சச் சேற்றைப் பழுப்புக் காகிதத்தில் நிழலில் உலர்த்தி, பென்சிலால் நாளும் இடமும் எழுதி வையுங்கள். மை அயோடினிலும் சாராயத்திலும் கரையும், பென்சில் கரையாது.